கோட்டுக்கு மேல் நின்ற தண்ணீர்

நான் முதலில் சந்தேகப்பட்டது சென்சாரைத்தான். மனிதர்களைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் பொருளைச் சந்தேகப்படு என்றுதான் லேபில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வயரை ஆட்டிப் பார், பேட்டரியை மாற்றிப் பார், சால்டர் விட்டிருக்கிறதா பார், கடைசியாகப் புரோகிராமைப் பார். அந்த வரிசையில் அண்ணனைப் பார் என்று ஒரு வரி கிடையாது.

அரியலூரில் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் என் பொறுப்பு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. தொட்டி நிரம்பினால் கத்துகிற பெட்டி, கேட்டைத் திறந்தால் எரிகிற விளக்கு என்று எதையாவது செய்துகொண்டிருப்பேன். எங்கள் சாப்பாட்டு மேசையில் பாதி எனக்கு, பாதி சாப்பாட்டுக்கு. "ரசத்துல ஈயம் விழுந்துடாம பாத்துக்க" என்பார் என் வீட்டுக்காரர். நான் செய்கிற எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. என் அண்ணனுக்கு உண்டு என்று நினைத்திருந்தேன்.

அண்ணன் இருப்பது நான் பிறந்த ஊரில், குன்னத்துக்குப் பக்கம். மழை பெய்தால் மக்காச்சோளம், பருத்தி. கிணறு இருப்பவர்களுக்கு மட்டும் சின்ன வெங்காயம். எங்களுடையது கூட்டுக் கிணறு. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வெட்டியது. இரண்டு பேருமே இப்போது இல்லை. வாரத்தில் பாதி நாள் அண்ணன் முறை, மீதி நாள் சித்தப்பாவின் மனைவியான சின்னம்மாவின் முறை. சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. தனி ஆளாக வெங்காயம் போட்டு, எடுத்த வெங்காயம் அழுகாமல் இருக்கத் தனி ஆளாகவே காட்டில் பட்டறை கட்டி வைத்து, விலை வரும்போது விற்பார். விற்பதற்கு முன்னால் எனக்கு ஒரு பை கட்டி அரியலூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார். எத்தனையோ வருடமாக என் வீட்டில் வெங்காயம் காசு கொடுத்து வாங்கியதில்லை.

கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இருக்கும். யார் முறையானாலும் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கியதும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். அங்கே நிறுத்தினால்தான் ஊற்று ஊறி அடுத்தவருக்குத் தண்ணீர் நிற்கும். கோட்டைத் தாண்டி இறைப்பவருக்கு முறையில் ஒரு நாள் போய்விடும். அப்பா காலத்திலிருந்து இதுதான் பேச்சு. ஆனால் அந்தக் கோடு கிணற்றுக்குள் மோட்டார் வைத்திருக்கிற மேடைக்கும் கீழே இருக்கிறது. மேலே நின்று எட்டிப் பார்த்தால் மேடை மறைக்கும். படியில் இறங்கி மேடைக்குப் போனால்தான் கோடு தெரியும். சின்னம்மாவுக்கு முட்டி தேய்ந்து வருடக்கணக்காகிறது. அவர் முறை தொடங்குகிற காலையில் அண்ணன்தான் இறங்கி, தண்ணீர் பிடித்து இழுப்பதற்காக அவருடைய மோட்டாருக்கும் முதலில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். மேலே ரூமில் பட்டனை அழுத்துவது மட்டும்தான் சின்னம்மாவின் வேலை. "இந்தக் காலத்துல யாரு இப்படி செய்வா" என்று ஊரே அண்ணனைச் சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன்.

வெங்காயம் நட்டுக் கொஞ்ச நாளில் சண்டை வந்தது. தன் முறையில் மோட்டார் போட்ட கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் நின்று காற்று வாங்குகிறது என்றார் சின்னம்மா. நீங்கள் கோட்டைத் தாண்டி இறைத்தால் காற்றுதான் வாங்கும் என்றார் அண்ணன். நான் தாண்டவே இல்லை என்றார் அவர். இரண்டு பேரும் பெரியப்பாவிடம் போனார்கள். பெரியப்பா என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவர் இல்லை, முறைக்குப் பெரியப்பா. ஊரில் வரப்பு, வாய்க்கால், கிணறு எல்லாவற்றுக்கும் அவர் பேச்சுதான். கோட்டைத் தாண்டுவது யார் என்று தெரிந்தால் அவர்களுக்கு ஒரு நாள் போகும் என்று அவர் முடித்துவிட்டார். அந்த ஒரு நாள் போனால் சின்னம்மாவின் வெங்காயம் அந்த வருடம் அவ்வளவுதான். காய் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் தவறினால் வெங்காயம் சுண்டைக்காய் அளவிலேயே நின்றுவிடும்.

அப்போதுதான் அண்ணன் போன் செய்தார். "பாப்பா, நீ ஏதோ தூரத்த அளக்குற மெஷின் செய்வியாமே. கெணத்துல வெச்சா தண்ணி எவ்ளோ நிக்குதுன்னு சொல்லுமா?"

"சொல்லும்ணே."

"மனுசன் பொய் சொல்லுவான். மெஷின் சொல்லாதுல்ல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது தாண்டிய பிறகும் அந்த ஊருக்கு நான் பாப்பாதான். வந்தால் சாப்பிட்டு, படுத்து, பை நிறைய எதையாவது வாங்கிக்கொண்டு போகிற பாப்பா. முதல் முறையாக ஊருக்கு என்னால் ஒரு காரியம் ஆகப் போகிறது. இரண்டு பேருக்கும் பொதுவாக, ஒருவர் பக்கமும் சாயாமல்.

அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நம் காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தை விடும். அது எதிலாவது பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும். ஈரம் தாங்குகிற மாதிரி ஒன்றை வாங்கி, ஒரு போர்டு, பேட்டரி, சிம் போடுகிற சின்ன மாட்யூல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தேன். மேடையின் ஓரத்து இரும்பில் கண்ணைக் கீழே பார்க்க வைத்து மாட்டினேன். மேலே மோட்டார் ரூமில் ஒரு சின்னத் திரை. தண்ணீர் கோட்டுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அதில் எண் வரும். அதே எண் அரியலூரில் என் போனிலும் வரும்.

மாட்டிய அன்றைக்கு அளவு சரிபார்க்க வேண்டியிருந்தது. தண்ணீர் அசைந்துகொண்டே இருப்பதால் அசையாத ஒன்றை அளந்து பார்ப்பதுதான் வழக்கம். ஒரு தட்டு கேட்டேன். அண்ணி அடுக்களையிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் வீடு கட்டிக் குடிபோனபோது நான் எடுத்துப்போன சீர்ப் பாத்திரத்தில் ஒன்று. விளிம்பில் என் பெயர் வெட்டியிருந்தது. இன்னும் புழங்குகிறார்களே என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். அப்பா காலத்து இரும்புக் குழாய் ஒன்று பயனில்லாமல் சென்சாருக்குப் பக்கத்தில் கிணற்றுக்குள் இறங்குகிறது. அதில் மூங்கில் பிளாச்சு வைத்து, கோட்டுக்குக் கொஞ்சம் மேலே தட்டைப் படுக்கையாகக் கட்டினோம். நான் சொல்லச் சொல்ல அண்ணன்தான் கட்டினார். திரையில் எண் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"தண்ணிய விட தட்டு நல்லா நிக்குது" என்றார் அண்ணன்.

"அதுக்குத் தட்டும் ஒண்ணுதான், தண்ணியும் ஒண்ணுதான். எது முன்னாடி வந்தாலும் அதத்தான் தண்ணின்னு நெனச்சுக்கும்."

மேலே கிணற்று விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சின்னம்மா சிரித்தார். "அவ்ளோ ஏமாளியா இது? இதயா நீ பஞ்சாயத்துக்கு வெக்கிற?"

நானும் சிரித்தேன். தட்டை அவிழ்த்து அண்ணனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு அந்தச் சென்சார் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. ஒரு நாள் தண்ணீர் கிணற்றை விட்டு வெளியே நிற்பதாகக் காட்டும். மறுநாள் கிணற்றில் தண்ணீரே இல்லை என்று காட்டும். லேபில் பிள்ளைகள் கேள்வி கேட்டால் ஒரு கண் போனில் இருக்கும். சனிக்கிழமை வந்தால் பையில் சால்டரிங் அயர்னைப் போட்டுக்கொண்டு ஊருக்கு ஓடுவேன். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, புழுதி தின்று, குன்னத்தில் இறங்கி, அங்கிருந்து அண்ணன் வண்டியில். வயதான காலத்தில் உனக்கு என்ன கிறுக்கு என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

ஒவ்வொன்றாகப் பிடித்தேன். காலையில் கிணற்று ஆவி சென்சார் முகத்தில் துளித்துளியாகப் படிந்து சத்தத்தை அடைத்தது. மேலே ஒரு சின்னக் கூரை வைத்தேன். சத்தம் விரிந்துபோய்ப் பக்கத்துக் கல்சுவரில் பட்டுத் திரும்பியது. சுவரை விட்டு நகர்த்தி மாட்டினேன். மோட்டார் கிளம்பும்போது மேடையே அதிர்ந்தது. இரும்புக்கும் டப்பாவுக்கும் நடுவே சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்தேன். குளவி ஒன்று டப்பாவுக்கு அடியில் மண்கூடு கட்டப் பார்த்தது. அதனிடம் கொட்டு வாங்கினேன். நாலைந்து அளவை எடுத்து நடு அளவை மட்டும் காட்டும்படி புரோகிராமையும் மாற்றினேன்.

அப்புறம் ஒரு வாரம், அண்ணன் முறையில், எண் நின்றது. கோட்டுக்கு மேலே, ஆடாமல் அசையாமல். மோட்டார் ஓடினால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், கோட்டை நெருங்கியதும் நிற்கும், அப்படியே இருக்கும். போனில் வருகிற கிராஃப் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராகப் போவதைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கியது. வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லேபில் காட்டினேன். இத்தனை வாரப் பாடு வீண்போகவில்லை என்று அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நாந்தான் அப்பவே சொன்னனே. நீ செஞ்சா தப்பாது" என்றார்.

ஆனால் சின்னம்மா முறையில் கோளாறு தீரவில்லை. அவர் முறை தொடங்குகிற காலையில் எண் ஒரே நிமிடத்தில் மளமளவென்று விழுந்து கோட்டுக்குக் கீழே போய்விடும். பிறகு நாள் முழுக்க ஆடிக்கொண்டே இன்னும் கீழே போகும். ஒரே நிமிடத்தில் அவ்வளவு தண்ணீரை எந்த மோட்டாராலும் இறைக்க முடியாது. அது எனக்குத் தெரியும். அதனால்தான் இது தண்ணீர் இல்லை, சென்சாரின் தப்பு என்று முடிவு கட்டினேன். சின்னம்மாவின் மோட்டார் பழசு. போட்டால் மேடையே கிடுகிடுக்கும். அந்த உதறலில் சென்சார் தடுமாறுகிறது என்று, அவர் முறை நாளாகவே பார்த்துப் போய்க் கெப்பாசிட்டரை மாற்றினேன், பேட்டரியைத் தனியாக்கினேன். கடைசியில் சின்னம்மாவிடமே சொன்னேன், மோட்டார் போல்ட்டை எல்லாம் இறுக்கச் சொல்லுங்கள் என்று. பாவம், மெக்கானிக்கை வரவழைத்து இறுக்கினார். ஒன்றும் மாறவில்லை.

"பாப்பா, நெசமா நான் கோட்டத் தாண்டலியே. அதுக்குள்ள காத்து வாங்கிடுது" என்றார் சின்னம்மா.

"தெரியும் சின்னம்மா. மெஷின்லதான் ஏதோ இருக்கு. நான் சரி பண்ணிடுறேன்."

"நீ சொன்னா சரி."

நல்ல அளவைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. தடுமாறுகிற அளவைத்தானே யாரும் சந்தேகப்படுவார்கள். அண்ணன் முறையில் தேறியது என் திறமை என்றும், சின்னம்மா முறையில் தேறாதது அவர் மோட்டாரின் குற்றம் என்றும் நினைத்துக்கொண்டு ஆணி ஆணியாகத் திருகிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் அண்ணன் பெரியப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். இன்னும் சரியாகவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். "எங்க முறையில சரியாத்தானே காட்டுது. அது போதும். நீ வந்து நாலு பேருக்கு முன்னாடி வெளக்கிச் சொல்லிட்டுப் போ" என்றார். அது ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் முறை. கிணற்று மேட்டில் வேப்பமர நிழலில் பெரியப்பாவும் உறவுக்காரர்கள் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னம்மா மோட்டார் ரூம் வாசலில் சுவரில் சாய்ந்து நின்றார். முந்தானையை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டே இருந்தார்.

பெரியப்பா என் போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த நேர்கோடு ஒங்க அண்ணன் முறை. இந்த விழுந்து கெடக்குறது சின்னம்மா முறை. அப்படித்தானே?"

"அந்த விழுறது கோளாறு பெரியப்பா. அத வெச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது."

"அப்ப இந்த நேர்கோடு?"

"அது சரி."

"தண்ணியத் தொடாமயே எப்படிம்மா அளக்கும்? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

இதற்குத்தான் காத்திருந்தேன். திரையைப் பார்க்கச் சொன்னேன். கிணற்றில் ஒரு கல் போட்டால் தண்ணீர் அலையும், அலைகிற தண்ணீருக்குத் தகுந்த மாதிரி எண்ணும் ஆடும், அப்போது நம்புவீர்கள் என்றேன். எல்லோரும் எழுந்து மோட்டார் ரூம் வாசலுக்கு வந்தார்கள். நல்ல கனமான கல்லாகப் பார்த்து எடுத்து வந்து போட்டேன். தொபீர் என்று சத்தம் கேட்டது. தண்ணீர் சுவரில் போய் அறைகிற சத்தமும் கேட்டது. எண் ஆடவில்லை.

இன்னொரு கல் எடுத்தேன். அதைவிடப் பெரியது. இரண்டு கையாலும் தூக்கிப் போட்டேன். எண் அப்படியே நின்றது.

"செத்துப்போச்சா மெஷினு?" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி ஆணி அடித்த மாதிரி நிற்கிற எண்ணை நான் நேரில் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கினேன். "இரு பாப்பா, நான் பாக்குறேன். படி வழுக்கும்" என்று அண்ணன் பின்னாலேயே வந்தார். நான் நிற்கவில்லை.

மேடையில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். சிவப்புக் கோடு காய்ந்து கிடந்தது. தண்ணீர் அதற்கும் எவ்வளவோ கீழே, என் கல் கலக்கிய கலங்கலோடு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அப்பா காலத்துக் குழாயில், நாங்கள் கட்டிய அதே இடத்தில், அதே மூங்கில் பிளாச்சில் தட்டு. அன்றைக்குச் சணலால் கட்டினோம். இப்போது கட்டுக்கம்பி. தண்ணீர் தட்டுக்கு மேலே நிற்கிற வரைக்கும் என் சென்சார் தண்ணீரை அளக்கும். தண்ணீர் இறங்கித் தட்டு வெளியே வந்துவிட்டால் அப்புறம் தட்டைத்தான் அளக்கும். அதற்குக் கீழே எவ்வளவு இறைத்தாலும் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. சின்னம்மாவின் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்ற இறங்குகிற காலையில் தட்டை அவிழ்த்தால், அந்த நிமிடமே எண் விழும். எல்லாம் வரிசையாகப் புரிந்தது. இத்தனை வாரம் நான் தேடிய கோளாறுக்கு விடை ஒரு சாப்பாட்டுத் தட்டு.

நிமிர்ந்தேன். அண்ணன் பாதிப் படியில் நின்றிருந்தார். தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக ஆட்டினார். வேண்டாம் என்பது போல. சின்ன வயதில் அப்பாவின் சட்டைப் பையில் கை வைத்துவிட்டு என்னைப் பார்த்து இப்படித்தான் ஆட்டுவார். அப்போதெல்லாம் நான் சொன்னதில்லை.

கம்பி விரலைக் கிழிக்க, திருகித் திருகி அவிழ்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி மேலே ஏறினேன். நான் ஏற ஏற, மேலே ரூமில் யாரோ, "ஏ, நம்பரு விழுதுப்பா" என்றார்கள்.

தட்டைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். "இதுதான் பெரியப்பா இத்தன நாளா தண்ணின்னு காட்டுச்சு. கெணத்துல தண்ணி கோட்டுக்குக் கீழ கெடக்கு. யாரு வேணும்னாலும் எறங்கிப் பாருங்க."

அவ்வளவுதான், இனி அண்ணன் தலை குனிவார் என்று நினைத்தேன். சின்னம்மாவின் முறைக்கு இனி ஆபத்து இல்லை. அது ஒன்று எனக்குத் தெளிவாக இருந்தது.

பெரியப்பா தட்டைத் திருப்பிப் பார்த்தார். விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்தார். வெட்டியிருந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி என் பெயரை வாய்விட்டுப் படித்தார்.

பக்கத்தில் நின்றவர்கள் எட்டி அந்த எழுத்தைப் பார்த்தார்கள்.

"அது நான் அண்ணனுக்குச் சீர் வெச்ச தட்டு" என்றேன். "அவங்க வூட்டுத் தட்டு."

"அன்னைக்கு இந்தத் தட்டக் கட்டி நீதானேம்மா அளந்துக்கிட்டிருந்த" என்றார் உறவுக்காரர் ஒருவர். "நீ தட்டோட கெணத்துல எறங்குனத நான் வரப்புல போறப்ப பாத்தனே."

"அது சரிபாக்கக் கட்டுனது. அன்னைக்கே அவுத்துட்டேன்."

"எப்படிக் கட்டுனா எப்படிக் காட்டும்னு வேற யாருக்கும்மா தெரியும்?" பெரியப்பா கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அண்ணனைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அவர் மெதுவாக மேலே ஏறி வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"விடுங்க பெரியப்பா. கூடப்பொறந்தவன் கஷ்டப்படுறானேன்னு எம்மேல உள்ள பாசத்துல செஞ்சுடுச்சு. பொம்பளப்புள்ள. இதப் போயி பெரிசு பண்ணாதீங்க."

நான் வாயைத் திறந்தேன். என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. கத்தினேன் என்பது மட்டும் தெரியும். நான் பொய் சொல்லவில்லை, இவர்தான், இவர்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்றைக்குத் தட்டைக் கட்டியதே இவர்தான் என்றதற்கு, நீ சொல்லித்தானே கட்டினான் என்றார் ஒருவர். கத்தக் கத்த நானே குற்றவாளி ஆகிக்கொண்டிருந்ததும் எனக்கே தெரிந்தது. மெஷின் என்னுடையது. வித்தை என்னுடையது. தட்டில் என் பெயர். லாபம் என் அண்ணனுக்கு. இதில் எதை எடுத்து வெளியே போட முடியும்? அண்ணன் ஒரு வார்த்தை பதில் பேசாமல், ஆத்திரப்படுகிற தங்கையைப் பொறுத்துக்கொள்கிற அண்ணனாக நின்றுகொண்டிருந்தார். அந்த நிற்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திருடியதைக்கூட விட்டுவிடலாம். திருடிவிட்டு என்னை மன்னித்தாரே, அதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது?

பெரியப்பா முடிவு சொன்னார். முறை பழையபடியே நடக்கும். யாருக்கும் நாள் போகாது. இனி சின்னம்மாவின் மோட்டாருக்கு வேறு ஆள் இறங்கித் தண்ணீர் ஊற்றட்டும், அந்த ஆளே தினமும் கோட்டைப் பார்த்துச் சொல்லட்டும். மெஷின் வேண்டாம், எடுத்துக்கொண்டு போய்விடு என்றார். தட்டையும் என்னிடமே கொடுத்தார். "ஒம் பேருதானே போட்டிருக்கு."

நான் திரும்பவும் கிணற்றுக்குள் இறங்கி, டப்பாவைக் கழற்றி, சைக்கிள் டியூப்பை உருவி, வயரைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். யாரும் உதவிக்கு வரவில்லை. கூட்டம் கலைந்திருந்தது. சின்னம்மா மட்டும் மோட்டார் ரூம் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் முறை தப்பித்தது. அந்த முகத்தில் அது தெரியவில்லை.

"சின்னம்மா, நீங்களாவது நம்புங்க."

"அந்த மெஷினு எனக்கு என்னா தெரியும் பாப்பா" என்றார். "அது கீழ காட்டுதுன்னு ஒங்க அண்ணன் சொன்னப்பல்லாம், பாப்பா பாத்துக்கும்னுதான் இருந்தேன். போல்ட்ட இறுக்கச் சொன்ன. இறுக்குனேன். நான் நம்புனது அத இல்ல, ஒன்ன."

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு வரப்பில் இறங்கி, தன் வெங்காயக் காட்டுக்குள் போய்விட்டார்.

அண்ணன் வண்டியில் ஏறாமல் ரோடு வரைக்கும் நடந்தேன். பஸ்ஸில் மடியில் பை, பைக்குள் தட்டு. குண்டும் குழியும் வரும்போதெல்லாம் அது டப்பாவில் மோதிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன், செய்யவில்லை. சாப்பாட்டு மேசையில் என் பாதியை அவரே துடைத்து வைத்தார்.

ஒரு வாரம் கழித்து அண்ணனிடமிருந்து போன் வந்தது. எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். மன்னிப்புக் கேட்பார் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது.

"கோவமா இருக்கியா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"யோசிச்சுப் பாரு பாப்பா. நான் பொழுது விடிஞ்சா அவங்க மூஞ்சியிலதான் முழிக்கணும். டீக்கடைக்குப் போகணும், வெத சொசைட்டிக்குப் போகணும். எம் பேரு கெட்டா நான் அந்த ஊருல இருக்க முடியுமா? ஒனக்கு என்னா, நீ அரியலூர்ல இருக்கிறவ. நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க. ஒனக்கு அந்த ஊரு எதுக்கு?"

நான் பிறந்த ஊர் என்று சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

சென்சாரை ஒரு நாள் லேபுக்கு எடுத்துப்போய்ச் சோதித்தேன். வாளித் தண்ணீர், சுவர், அட்டை, என் உள்ளங்கை. எதைக் காட்டினாலும் சரியாகச் சொன்னது. அதில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

வெங்காயம் எடுத்த சமயத்தில் குன்னத்துப் பக்கத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வருகிற ஒரு பெண்ணிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தேன். எங்கள் சின்னம்மா காட்டில் இந்த வருடம் நல்ல காய் என்றாள். திரட்சியான காய், பட்டறை கட்ட இடம் போதவில்லை என்று பேசிக்கொள்கிறார்களாம். கேட்டதும் மனசு நிறைந்துபோனது. தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் வழியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். குன்னம் வழியாக வருகிற பஸ் வந்து நின்றது. எல்லோரும் இறங்கிப் போகிற வரைக்கும் நின்றேன். கண்டக்டருக்கு என்னைத் தெரியும். பை ஏதும் இல்லை என்று கையை விரித்துக் காட்டினார். எதிரில் கடையில் அரைக் கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.